ஐயாவிடம் கேளுங்கள்: "ஏலே, மேல் வசனம் என்னது?"

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் "ஐயா, வேதத்தில் இப்படி எழுதியிருக்கிறதே" என்றுதான் ஆரம்பிக்கின்றன. அதைப் பார்த்தாலே எனக்கு அப்பாவின் விசிறிமட்டை ஞாபகம் வந்துவிடும். அப்பா திருச்செந்தூர் பக்கம் தேரிக்காட்டு ஊர் ஒன்றில் உபதேசியார். இரவு எட்டு மணிக்கு அரிக்கேன் விளக்கைச் சுற்றி உட்கார்ந்து குடும்ப ஜெபம். பிள்ளைகள் ஆளுக்கொரு வசனம் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். நான் பசியில் "இயேசு கண்ணீர் விட்டார்" என்று சொல்லித் தப்பிக்கப் பார்ப்பேன். விசிறிமட்டை தொடையில் ஒரு தட்டுத் தட்டும். "ஏலே, மேல் வசனம் என்னது? எதுக்கு அழுதாரு?" தெரியாவிட்டால் சோறு பிந்தும். எழுபத்து நான்கு வயதாகிறது, இன்னும் ஒற்றை வசனத்தை யாராவது நீட்டினால் என் தொடை சுள்ளென்கிறது.

வருஷப் பிறப்பு ஆராதனையில், ஆளுக்கொரு வசனம் எழுதித் தட்டில் வைத்திருக்கும் வாக்குத்தத்த அட்டைகளில் எனக்கு எரேமியா 29:11 வந்தது. இந்த ஆண்டு மகனுக்கு வேலை என்று விசுவாசித்தேன். எட்டு மாதம் ஆயிற்று. என் விசுவாசத்தில் குறையா ஐயா?
— ஒரு தாய், பாளையங்கோட்டை

அம்மா, உங்கள் விசுவாசத்தில் ஒரு குறையும் இல்லை. அந்த அட்டையில்தான் இடம் போதவில்லை.

"அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்கிற அந்த வசனம், பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எருசலேமிலிருந்து எழுதியனுப்பிய கடிதத்தில் வருகிறது. மேல் வசனம், அதாவது பத்தாவது, "எழுபது வருஷம்" என்கிறது. அந்தக் கடிதம் வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் அநேகர் அந்த எழுபதாம் வருஷத்தைக் கண்டிருக்க மாட்டார்கள். அதற்கு முந்தின 28-ஆம் அதிகாரத்தில் அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி வருகிறான். "இரண்டே வருஷம், எல்லாம் திரும்பி வந்துவிடும்" என்று ஆலயத்திலே நின்று அடித்துச் சொன்னவன் அவன்தான். இந்தக் காலத்தில் இருந்திருந்தால் அவனுடைய அட்டைதான் முதலில் தீர்ந்துபோயிருக்கும்.

பவுலோ எரேமியாவோ வசனத்துக்கு எண் போட்டு எழுதவில்லை. ராபர்ட் எஸ்தியேன் என்கிற பிரெஞ்சு அச்சுக்காரர் 1551-இல் வெளியிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டில்தான் இன்று நாம் கைவசம் வைத்திருக்கும் புதிய ஏற்பாட்டு வசன எண்கள் வந்தன. தேடி எடுக்க வசதிதான். துண்டு துண்டாக வெட்டவும் அதுவே வசதியாகப் போய்விட்டது.

நானும் குருவானவராக முப்பது வருஷம் அந்த அட்டைத் தட்டை நீட்டினவன்தான். ஒரு வருஷம் சபை மூப்பர் ஒருவர் தமக்கு வந்த அட்டையைப் பிரித்தார், முகம் சுருங்கிற்று, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து அதை மடித்துத் திரும்பப் போட்டுவிட்டு வேறொன்று எடுத்துக்கொண்டார். நான் பார்த்தேன், சிரிப்பை அடக்கிக்கொண்டேன். அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

அந்தக் கடிதத்தின் ஐந்தாம் வசனத்தில் கர்த்தர் சிறையிருப்பில் உள்ளவர்களுக்குச் சொல்வது என்ன தெரியுமா? வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அதன் கனியைச் சாப்பிடுங்கள். காத்திருக்கிற காலத்திலும் வாழ்ந்துகொண்டிருங்கள் என்கிறார். மகனுக்கு ஜெபியுங்கள், வேளாவேளைக்குச் சோறு போடுங்கள். அந்த அட்டையை மட்டும் அவன் கண்ணில் படுகிற மாதிரி பிரிட்ஜ் கதவில் ஒட்டாதீர்கள். அவனுக்கு அது வீட்டுக்குள்ளேயே நடக்கிற இன்னொரு இன்டர்வியூ.

நாங்கள் நான்கு தலைமுறைக் கிறிஸ்தவர்கள். பெங்களூரில் வேலை செய்யும் என் மகள் ஒரு பையனை விரும்புகிறாள். அவனும் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), பாடகர் குழுவில் இருக்கிறான், நல்ல பையன்தான். ஆனால் வேறு சமுதாயம். ஆபிரகாமே தன் இனத்தில்தானே ஈசாக்குக்குப் பெண் தேடச் சொன்னார் (ஆதியாகமம் 24)? வேதப்படி நான் மறுப்பது சரிதானே?
— ஒரு தகப்பன், மதுரை

"நல்ல பையன்தான், ஆனால்" என்று நீங்களே எழுதிவிட்டீர்கள் தம்பி. அந்த ஆனாலுக்கு வேதத்தில் இடம் தேடுகிறீர்கள்.

ஆபிரகாம் வேண்டாம் என்றது கானானியரின் குமாரத்திகளை. அவர்களுடைய தெய்வங்கள் வேறு. உங்கள் மகள் விரும்புகிற பையன் உங்களோடு ஒரே விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லி, நற்கருணையில் ஒரே பாத்திரத்தில் குடிக்கிறவன். அவன் எப்படிக் கானானியன் ஆனான்? அதே அதிகாரத்தை இன்னும் கீழே வாசியுங்கள். 58-ஆம் வசனத்தில் ரெபெக்காளைக் கூப்பிட்டு, "நீ இந்த மனிதனோடேகூடப் போகிறாயா?" என்று கேட்கிறார்கள். அவள் "போகிறேன்" என்கிறாள். அதற்குப் பிறகுதான் ஒட்டகம் புறப்படுகிறது.

மோசே எத்தியோப்பியா தேசத்துப் பெண்ணைக் கட்டினார் என்று மிரியாம் முணுமுணுத்த கதை எண்ணாகமம் 12-இல் இருக்கிறது. குஷ்டம் வந்தது எத்தியோப்பியாக்காரிக்கு அல்ல. மத்தேயு முதல் அதிகார வம்சவரலாற்றில் ஆண்டவருடைய பாட்டிமாரில் எரிகோவின் ராகாபும் மோவாபிய ரூத்தும் வருகிறார்கள். கிறிஸ்துமசுக்குக் கிறிஸ்துமஸ் அதைக் கடகடவென்று வாசித்துவிட்டு உட்காருகிறோம்.

நம் சபைகளில் இது புதிய சண்டையும் அல்ல. கல்கத்தா பேராயர் தானியேல் வில்சன் 1833-இல் சாதி வித்தியாசம் சபையிலிருந்து அடியோடு போக வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரில் பலர் கோயிலுக்கு வருவதையே நிறுத்திக்கொண்டார்கள். எங்கள் ஜில்லாவில் வடக்கன்குளம் கத்தோலிக்க ஆலயம் இருக்கிறது, பார்த்திருக்கிறீர்களா? காற்சட்டை போல இரண்டு கால், இரண்டும் போய்ச் சேரும் இடத்தில் ஒரே பீடம். இந்தச் சாதி இந்தக் காலில், அந்தச் சாதி அந்தக் காலில், நடுவே சுவர். 1910-இல் சுவரை இடித்தார்கள். உட்கார்ந்த இடம் பறிபோயிற்று என்று கோர்ட்டுக்குப் போனவர்கள் சென்னை உயர்நீதிமன்றத்தில் தோற்றார்கள். நான் ஒருமுறை அங்கே போய், இரண்டு கால்களும் கூடுகிற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். நாங்கள் புராட்டஸ்டண்டுகள் சுவர் கட்டவில்லை என்று பெருமைப்படக் காரணம் ஏதும் தோன்றவில்லை. நாங்கள் கட்டியது மணமகள் தேவை விளம்பரத்தில். "இரட்சிக்கப்பட்ட, அபிஷேகம் பெற்ற, நம் சமுதாய" என்று ஒரே மூச்சில் எழுதுகிறோமே, அந்த வரியில்.

எத்தனையோ ஜோடிகளுக்கு மூன்று ஞாயிறு சபையில் கலியாண அறிவிப்பு ஓலை வாசித்திருக்கிறேன். "இவர்களுக்கு விவாகம் கூடாதென்பதற்கு நியாயமான தடை ஏதும் இருந்தால்" என்று வாசித்து நிறுத்துவேன். சாதியைத் தடையென்று ஒருவரும் எழுந்து நின்று சொன்னதில்லை. சொல்ல முடியாது, திருச்சபைச் சட்டத்தில் அப்படி ஒரு தடை கிடையாது. சபை நடுவே எழுந்து சொல்ல உங்களுக்கு வாய் வராத ஒன்றை வீட்டுக்குள் மகளிடம் சொல்கிறீர்கள்.

நானும் சொந்தத்தில், சொந்தச் சாதியில் கட்டினவன்தான். அந்தக் காலத்தில் என்னிடம் யாரும் கேட்கவில்லை, நானும் யாரையும் கேட்கவில்லை. அதனால் உங்களைக் கல்லெறிய எனக்கு யோக்கியதை இல்லை. ஊர் என்ன சொல்லும் என்ற பயம் உங்களுக்கு இருந்தால் "எனக்குப் பயமாயிருக்கிறது" என்று மகளிடம் சொல்லுங்கள். அது உண்மை, அவளுக்குப் புரியும். ஆபிரகாமை இழுக்காதீர்கள்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் பொங்கல் கொடுத்துவிடுகிறார்கள். வாங்கிச் சாப்பிடலாமா?
— இல்லத்தரசி, கோவில்பட்டி

சாப்பிடுங்கள். 1 கொரிந்தியர் 10:25 முதல் 31 வரை மொத்தமாக வாசியுங்கள். கிறிஸ்துமசுக்கு நீங்கள் கொடுத்தனுப்பிய கேக்கை அவர்கள் திருப்பி அனுப்பினார்களா? பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது வெறுமையாகக் கொடுக்காதீர்கள், நான்கு முறுக்காவது வையுங்கள்.

திருமணமாகி ஒன்பது வருஷம். குடித்துவிட்டு அடிக்கிறார். இந்த முறை காது கேட்கவில்லை. எங்கள் போதகர் எபேசியர் 5:22-ஐ எடுத்துக் காட்டி, "கீழ்ப்படிந்திரு, ஜெபி, ஆண்டவர் அவரை மாற்றுவார், கர்த்தர் தள்ளிவிடுதலை (விவாகரத்தை) வெறுக்கிறார்" என்றார். அம்மா வீட்டுக்குப் போவது பாவமா ஐயா?
— பெயர் வேண்டாம், தூத்துக்குடி மாவட்டம்

பாவம் இல்லை மகளே. இன்றைக்கே போ. காது டாக்டரிடம் போ, சீட்டை வாங்கிப் பத்திரமாக வை. மற்றதைப் போன பிறகு வாசித்துக்கொள்ளலாம்.

உன் போதகரை நான் குறை சொல்லப் போவதில்லை. சொல்ல எனக்கு வாய் இல்லை. 1988-இல் நான் ஒரு கரிசல்காட்டுச் சேகரத்தில் குருவானவராக இருந்தேன். சனிக்கிழமை சாயங்காலம், மறுநாள் நற்கருணை ஆராதனைக்குப் பிரசங்கம் எழுதிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும். முந்தானையைக் கையில் சுற்றியிருந்தாள். புருஷன் அடிக்கிறான் என்றாள். எனக்குப் பிரசங்கம் பாதியில் நிற்கிற அவசரம். இதே எபேசியர் 5:22-ஐச் சொன்னேன். ஜெபித்தேன், நன்றாகவே ஜெபித்தேன் என்று நினைத்துக்கொண்டேன். என் மனைவி காப்பி கொண்டுவந்தாள். அந்தப் பெண் தம்ளரை விரலால் பிடிக்கவில்லை, இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துத் தூக்கிக் குடித்தாள். என் மனைவி அதைக் கவனித்தாள், நான் கவனிக்கவில்லை. வீட்டுக்குப் போகச் சொன்னேன். போனாள்.

அடுத்த மாத நற்கருணையில் அவள் பலிபீடத்து அளித் தடுப்பண்டை முழங்காலில் இருந்தாள். ஏந்தின கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் கோணலாக ஒட்டிப்போயிருந்தன. யாரும் கட்டுப்போட்டுவிடவில்லை, அப்படியே கூடிவிட்டது. உள்ளங்கை விரியவில்லை. "இது உங்களுக்காகப் பிட்கப்படுகிற என்னுடைய சரீரம்" என்று சொல்லிக்கொண்டே அந்தக் கையில் அப்பத்தை வைத்தேன். வைக்கும்போதுதான் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்குக் கேட்டது.

அன்று ராத்திரி அப்பாவின் விசிறிமட்டை மறுபடியும் விழுந்தது. மேல் வசனம் என்னது? எபேசியர் 5:21: "தெய்வபயத்தோடே ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்." ஒருவருக்கொருவர். மிகப் பழைய கிரேக்கப் பிரதிகளில் 22-ஆம் வசனத்தில் "கீழ்ப்படியுங்கள்" என்ற சொல்லே கிடையாது. மேல் வசனத்துச் சொல்லை இரவல் வாங்கித்தான் அது நிற்கிறது. மேலதை வெட்டினால் கீழதற்கு வினைச்சொல்லே இல்லை. கீழே 25-இல் புருஷனுக்கு வருகிறது: கிறிஸ்து சபைக்காகத் தம்மையே ஒப்புக்கொடுத்ததுபோல அன்புகூரு. அடி வாங்கினவரை மாதிரி காட்டியிருக்கிறார் பவுல், அடித்தவனை அல்ல. பேதுரு இன்னும் கடுமை. மனைவியைக் கனம்பண்ணாத புருஷனுடைய ஜெபத்துக்குத் தடை வரும் என்கிறார் (1 பேதுரு 3:7). உன் வீட்டில் ஜெபம் தடைபடுவது உன்னால் அல்ல மகளே.

அந்தத் "தள்ளிவிடுதலை வெறுக்கிறேன்" மல்கியா 2:16. அதிலே பாதியைத்தான் உனக்குச் சொன்னார்கள். மீதிப்பாதி, "அப்படிப்பட்டவன் கொடுமையினால் தன் வஸ்திரத்தை மூடுகிறான்." கர்த்தர் கொடுமையையும் சேர்த்தே கண்டிக்கிறார், அதுவும் ஆண்களைப் பார்த்து. மேல் வசனம், "தன் இளவயதின் மனைவிக்கு" ஒருவனும் துரோகம் பண்ணக் கூடாது என்பது.

இனி காரியம். 181-க்குப் போன் செய், பெண்களுக்கான இலவச உதவி எண், ராத்திரியும் எடுப்பார்கள். மாவட்ட சமூகநல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் வருஷச் சட்டப்படி அவரிடம் மனு கொடுக்கலாம். வீடு உன் புருஷன் பேரில் இருந்தாலும் சட்ட நடைமுறை இல்லாமல் உன்னை அதிலிருந்து இறக்கிவிட முடியாது என்கிறது அந்தச் சட்டம். விவாகரத்து செய் என்று நான் சொல்லவில்லை, செய்யாதே என்றும் சொல்லவில்லை. அதை அடி விழாத இடத்தில் உட்கார்ந்து நீயே யோசி. ஒன்று தெரிந்துகொள். 1869-ஆம் வருஷ விவாகரத்துச் சட்டத்தின்படி, புருஷன் விபசாரத்தை மட்டும் காட்டி விவாகரத்துக் கேட்க முடிந்தது. கிறிஸ்தவ மனைவி கேட்டால் விபசாரத்தோடு கொடுமையையோ கைவிட்டதையோ சேர்த்து நிரூபிக்க வேண்டியிருந்தது. 2001-இல்தான் திருத்தினார்கள். இப்போது கொடுமை மட்டுமே போதுமான காரணம். 1988-இல் என்னிடம் வந்தவளுக்கு அந்தக் கதவும் கிடையாது, நானும் திறக்கவில்லை.

உன் போதகரிடம் இந்தப் பக்கத்தைக் கொடு. கோபப்பட்டால், எனக்கு எழுதச் சொல்.

அப்பா உயில் எழுதாமல் காலமானார். அம்மா முன்பே போய்விட்டார். தம்பிமார் இருவரும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள். "நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாச்சு. மகன் இல்லாவிட்டால்தான் மகளுக்குச் சுதந்தரம் (சொத்துப் பங்கு) என்று எண்ணாகமம் 27:8 சொல்கிறது" என்கிறார்கள்.
— ஓய்வுபெற்ற ஆசிரியை, நாகர்கோவில்

தம்பிமார் வேதம் வாசிக்கிறார்கள், சந்தோஷம். அது மோசேயின் காலத்துத் தேசப் பங்கீட்டுக்கான சட்டம். அதையே வைத்துக்கொண்டாலும் மேல் வசனம் இருக்கிறது. தகப்பன் பங்கைக் கேட்டு வந்த ஐந்து பெண்களைப் பற்றி, "செலொப்பியாத்தின் குமாரத்திகள் பேசுகிறது சரிதான்" என்று கர்த்தர் சொல்கிறார். பிறகு யோபு 42-ஐயும் வாசிக்கச் சொல்லுங்கள். யோபுக்கு ஏழு குமாரர் இருந்தார்கள். இருந்தும் எமீமாள், கெத்சீயாள், கேரேனாப்புக் என்கிற மூன்று மகள்களுக்கும் "சகோதரரின் நடுவிலே" சுதந்தரம் கொடுத்தார். அந்த ஏழு ஆண்பிள்ளைகளின் பெயரை வேதம் எழுதிக்கூட வைக்கவில்லை.

சட்டத்தைக் கேட்டால், 1925-ஆம் வருஷ இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி உயில் இல்லாத கிறிஸ்தவத் தகப்பனின் சொத்து மகனுக்கும் மகளுக்கும் சரிசமம். உங்கள் ஊர்ப் பெரியவர்கள் மனதில் இருப்பது பழைய திருவிதாங்கூர் சட்டம். 1916-இல் வந்தது, மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி அல்லது ஐயாயிரம் ரூபாய், இதில் எது குறைவோ அது. மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986-இல் உச்சநீதிமன்றம் அது செல்லாது என்றது.

கையெழுத்துப் போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம். மனமார விட்டுக்கொடுத்தால் அது ஈவு. வசனத்தைக் காட்டி வாங்கினால் அதற்கு வேறு பெயர். வக்கீலைப் பார்த்துவிட்டு, பத்திரத்தை வீட்டில் வைத்து இரண்டு வாரம் கழித்து ஒருமுறை வாசியுங்கள். கிறிஸ்துமசுக்குத் தம்பி பிள்ளைகளுக்குத் துணி எடுப்பதை மட்டும் இதற்காக நிறுத்திவிடாதீர்கள்.

எனக்கு எண்பத்தொரு வயது. முட்டி தேய்ந்துவிட்டது. நற்கருணைக்கு முழங்கால் போட முடியவில்லை. உட்கார்ந்து வாங்குவது ஆண்டவருக்கு அவமரியாதை என்று மருமகள் சொல்லுகிறாள்.
— ஒரு பாட்டி, சாயர்புரம்

லூக்கா 22:14-ஐ மருமகளை விட்டே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள் ஆச்சி. "அவரும் அவரோடேகூடப் பன்னிரண்டு அப்போஸ்தலரும் பந்தியிருந்தார்கள்." பந்தியில் யார் முழங்கால் போடுவார்கள்? முதல் பெஞ்சில் ஓரமாக உட்காருங்கள். கோயில் வேலை பார்க்கிற கோயில்பிள்ளையிடம் முந்தியே சொல்லிவையுங்கள், குருவானவர் இறங்கி வந்து கொடுப்பார். நானும் போன வருஷத்திலிருந்து நாற்காலிதான். கையை மட்டும் நீட்டி வையுங்கள். விரல் சரியாக விரியாவிட்டாலும் பரவாயில்லை.